பென் டிரைவில் லினக்ஸ்: நான்கு வழிகளில் யாருக்கு எது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததிலிருந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் உள்ள தமிழ் வாசகர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகிறார்கள். வீட்டு மடிக்கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லோ போதிய அளவு புதிய செயலியோ அதில் இல்லை. உள்ளே இருப்பதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடவும் மனம் வரவில்லை, ஏனெனில் கடைக் கணக்கோ பிள்ளைகளின் பள்ளிப் பாடமோ விண்டோஸில்தான் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரின் தேவை சற்று வேறு: கோயில் மண்டபத்துக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒரே தமிழ்த் தட்டச்சு, ஒரே எழுத்துரு, அதே கோப்புகள் வேண்டும். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கையோடு கொண்டுபோனால் இவர்கள் சிக்கல் தீருமா, தீரும் என்றால் எந்த முறையில் ஏற்றுவது?

முறைகள் நான்கு. முதலாவது, நிறுவாமல் டிரைவிலிருந்து நேரடியாக ஓடி, அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும் வெறும் லைவ் லினக்ஸ். இரண்டாவது, அதே லைவ் லினக்ஸுக்கு மாற்றங்களைச் சேமிக்கும் பகுதி ஒன்றைச் சேர்ப்பது; இதைப் பெர்சிஸ்டன்ஸ் என்பார்கள். மூன்றாவது, பென் டிரைவையோ வெளிப்புற எஸ்எஸ்டியையோ வழக்கமான வன்தட்டாகவே கருதி அதில் முழு நிறுவல் செய்வது. நான்காவது, ராமில் ஏறி ஓடக்கூடிய பப்பி, எம்எக்ஸ் போன்ற லினக்ஸ்கள். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் நடுவழி என்று நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கணிப்பில், நீண்ட காலப் பயன்பாட்டில் அதிகத் தொல்லை தருவது அதுதான். ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த லினக்ஸ் அழகாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் தேர்வு தவறிப்போகும். கேட்க வேண்டிய முதல் கேள்வி, கணினியை அணைத்த பிறகு எது எஞ்சியிருக்க வேண்டும் என்பது: கோப்புகள் மட்டுமா, நிறுவிய மென்பொருள்களுமா, கடவுச்சொற்களும் உலாவி வரலாறுமா? கோப்புகள் மட்டும் எஞ்சினால் போதும் என்பவருக்கும் முழு மேசைத்திரையும் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

அடுத்தது மின்சாரம். 2023-இல் உச்சத்தைத் தொட்ட லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு இப்போது பெருமளவு குறைந்திருந்தாலும், அறிவிப்பின்றிப் போகும் மின்சாரம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மடிக்கணினிக்குப் பேட்டரி இருக்கிறது. மேசைக்கணினிக்கு அது இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், சில இன்வெர்ட்டர்கள் மின்சாரத்தை மாற்றும் அந்தக் கணத்திலேயே கணினி மறுதொடக்கம் ஆகிவிடும். எழுதிக்கொண்டிருக்கும் பென் டிரைவுக்கு இது நல்லதல்ல.

மூன்றாவது, எத்தனை விதமான கணினிகளில் அது எழும்ப வேண்டும்: கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் நிரல் உள்ளது, அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ளது, கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்டது. நான்காவது, வேகமும் டிரைவின் ஆயுளும். ஐந்தாவது, புதுப்பிப்புகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பது. கடைசியாக, டிரைவ் தொலைந்தால் என்ன ஆகும் என்பது. மினிபஸ் டாக்சியில் நழுவி விழுந்த டிரைவை எடுப்பவர் அதைச் செருகினால் என்ன பார்ப்பார்?

## வெறும் லைவ் லினக்ஸ்

உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகளில் எதுவாக இருந்தாலும், பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (முழு அமைப்பும் அடங்கிய ஒரே கோப்பு) பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடக்கினால், அதாவது பூட் செய்தால், வருவது இதுதான். அமைப்பு முழுவதும் சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமே முடிகிற வடிவில் இருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் யாவும் ராமில் நடந்து, அணைத்ததும் மறைகின்றன.

இதையே குறை என்பார்கள். பாதி வேலைகளுக்கு இதுதான் பலம். டிரைவில் எதுவும் எழுதப்படாததால் மின்சாரம் போனாலும் அமைப்பு கெடாது. அன்றைய வேலை மட்டும் போகும். பழைய பயாஸ் கணினியிலும் புதிய யூஇஎஃப்ஐ கணினியிலும் ஒரே டிரைவ் எழும்பும். முன்னணி லினக்ஸ்கள் கையொப்பமிட்ட பூட் கோப்புகளோடு வருவதால் செக்யூர் பூட்டும் பெரும்பாலும் தடையாகாது. டிரைவைத் தொலைத்தாலும் அதில் உங்களுடையது என்று எதுவும் இல்லை. கெட்டுப்போன விண்டோஸிலிருந்து படங்களைக் காப்பாற்றுவதற்கும், நம்பிக்கையில்லாத கணினியில் ஒரு தடவை வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும் இதைவிடத் தூய்மையான வழி இல்லை. கணினியில் புகுந்த தீம்பொருளிலிருந்து இது காக்கும். விசைப்பலகைக் கம்பியின் நடுவே யாராவது செருகிய சாதனத்திடமிருந்து காக்காது.

இதன் மறைசெலவு தினமும் திரும்பத் திரும்பச் செய்யும் அமைப்புகளில் இருக்கிறது. வைஃபை கடவுச்சொல், நேர மண்டலம், தமிழ் விசைப்பலகை எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தமிழ் அமைப்பு ஒன்று விசைப்பலகைப் பட்டியலில் பொதுவாகவே இருக்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாகப் பெறும் ஒலிபெயர்ப்பு முறைக்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பு தேவை. அது உடன் வராத லினக்ஸில் ஒவ்வொரு அமர்விலும் அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

கோப்புகளுக்கு எளிய தீர்வு இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதே டிரைவில் கோப்புகளுக்கென்று தனிப் பார்ட்டிஷன் (பிரித்துவைத்த பகுதி) ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வென்டாய் என்ற கருவியால் டிரைவைத் தயாரித்தால், ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்துப் போட்டாலே போதும். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். நிறுவும்போதே டிரைவின் முடிவில் இடம் ஒதுக்கும் வசதி அதில் இருக்கிறது; அந்த இடத்தைப் பின்னர் தனிப் பார்ட்டிஷனாக்கிக்கொள்ளலாம். அமைப்பு மறக்கட்டும், கோப்புகள் இருக்கட்டும் என்பவருக்கு இதுவே போதும்.

## பெர்சிஸ்டன்ஸ் சேர்த்த லைவ் லினக்ஸ்

விண்டோஸில் இயங்கும் ரூஃபஸ் கருவியில் ஒரு நகர்த்தியை இழுத்தால், உபுண்டு டிரைவில் சேமிப்புப் பகுதி தயாராகிவிடும். இந்த எளிமைதான் எல்லாரையும் இழுக்கிறது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் சிக்கலும் புரியும். அச்சிட்ட பக்கத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து அதில் திருத்தங்கள் எழுதுவது போல, மூல அமைப்பு அடியில் மாறாமல் கிடக்க, உங்கள் மாற்றங்கள் மேலே தனி அடுக்காகச் சேர்கின்றன. வைஃபை கடவுச்சொல், ஓரிரண்டு எழுத்துருக்கள், தமிழ் உள்ளீட்டு முறை, உலாவி அடையாளக்குறிகள் என்ற அளவில் இது நன்றாகவே வேலை செய்யும்.

புதுப்பிப்பு என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பு வந்தால் பழையது நீங்காது. அடியில் இருக்கும் பழையதும் இருக்கும், மேலடுக்கில் புதியதும் இடம் பிடிக்கும். சில மாதங்கள் வழக்கமாகப் புதுப்பித்து வந்தால், நீங்கள் பெரிதாக எதையும் நிறுவாமலேயே சேமிப்புப் பகுதி நிரம்பிவிடும். நிரம்பிய டிரைவ் சில சமயம் மேசைத்திரை வரைகூட வராது. எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறைமையிலான பார்ட்டிஷனில் ஒரே கோப்பாகச் சேமிப்புப் பகுதியை உருவாக்கியிருந்தால் அது 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

இன்னொன்று கண்ணில் படாமல் இருப்பது. உபுண்டு வகை லைவ் டிரைவில், இயங்குதளத்தின் மையமான கெர்னல், முதலில் எழுதிய மூலப் பிம்பத்திலிருந்துதான் ஏறுகிறது. ஆகவே கெர்னலைப் புதுப்பித்ததாகத் திரை சொன்னாலும், அடுத்த முறை எழும்புவது பழைய கெர்னல்தான். பாதுகாப்புத் திருத்தம் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, காப்பாற்றுவதில்லை.

மின்வெட்டின் அடியும் இங்கேதான் பலமாக விழுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், மீண்டும் பூட் செய்தால், கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒற்றைச் சொல்லும் அதனருகே மினுங்கும் கர்சரும் மட்டுமே தெரியலாம். டிரைவை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிக் கோப்பு முறைமையைச் சரிபார்த்தால் பல நேரம் மீளும். ஆனால் அந்த இரண்டாவது லினக்ஸ் கணினி கையில் இருப்பவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

தொலைந்தால் வரும் இழப்பும் இதில் பெரிது. உபுண்டு லைவில் பயனருக்குக் கடவுச்சொல் இல்லை, தானாகவே உள்நுழைந்துவிடும். சேமிப்புப் பகுதி வழக்கமாகக் குறியாக்கம் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படுவதுமில்லை. எடுத்தவர் கையில் எல்லாமே திறந்து கிடக்கும். வாடிக்கையாளரின் வரி விவரங்களையோ மாணவர்களின் பெயர், தொலைபேசி எண்களையோ வைத்திருப்பவருக்கு இது வெறும் சங்கடத்தோடு போகாது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா, பிறருடைய தனிப்பட்ட தகவல்களை வைத்திருப்பவர் அவற்றைக் காக்க நியாயமான தொழில்நுட்ப ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. இந்த வகையில் விதிவிலக்கு டெய்ல்ஸ் என்ற லினக்ஸ்: அதன் சேமிப்புப் பகுதி குறியாக்கத்தோடுதான் உருவாகும். ஆனால் அது இணையப் போக்குவரத்து முழுவதையும் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகவே அனுப்புவதால், அன்றாட அலுவலக வேலைக்கு மெதுவாக இருக்கும்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? ஒரு மாதப் பயிற்சி வகுப்புக்கு, அல்லது லினக்ஸ் ஒத்துவருகிறதா என்று சில வாரங்கள் பார்க்க விரும்புபவருக்கு. அதற்குமேல் நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே அடுத்த இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுவது மேல்.

## முழு நிறுவல்

இங்கே பென் டிரைவ் வன்தட்டாகிறது. புதுப்பிப்புகள் பழையதை நீக்கிப் புதியதை வைக்கின்றன, கெர்னலும் உண்மையிலேயே மாறுகிறது, நிறுவும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் முழு டிரைவும் குறியாக்கம் ஆகிவிடும். தினமும் இதிலேயே வேலை செய்யப்போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இதுதான், ஒரு நிபந்தனையோடு: மலிவான பென் டிரைவில் அல்ல, யூஎஸ்பி வழி இணையும் வெளிப்புற எஸ்எஸ்டியில்.

காரணம் எளியது. பெட்டியின் மேல் அச்சிடும் வேகம் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும் வேகம். இயங்குதளம் செய்வது அதுவல்ல. சின்னஞ்சிறு கோப்புகளை இங்குமங்கும் ஓயாமல் எழுதுவது. ஃபிளாஷ் நினைவகத்தில் சிறிது எழுதவும் பெரிய தொகுதி ஒன்றை அழித்து எழுத வேண்டியிருப்பதால், மலிவு டிரைவில் உலாவியைத் திறந்தாலே திரை உறைந்து நிற்கும், டிரைவும் சீக்கிரம் தேயும். எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி இந்தத் தேய்மானத்தைப் பரப்பிவிடக் கூடியது. பென் டிரைவுதான் கையில் இருக்கிறது என்றால் 32 ஜிபிக்குக் குறையாமல் எடுத்து, யூஎஸ்பி 3 துளையில் செருகி, ராம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதியை டிரைவில் வைக்காமல், ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசெட்ராமுக்கு மாற்றி, கோப்பைப் படித்த நேரத்தைப் பதிவதையும் நிறுத்திவைத்தால் ஓரளவு தாங்கும்.

மறைசெலவுகள் நிறுவும் நாளில்தான் அதிகம். நிறுவியில் தவறான வன்தட்டைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் குடும்பப் படங்களும் போய்விடும். சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்து முழுதும் நீங்காது: உபுண்டுவின் பழைய நிறுவி, யூஎஸ்பி டிரைவைக் காட்டினாலும் பூட் கோப்புகளைக் கணினியின் உள் வன்தட்டில் இருக்கும் இஎஃப்ஐ என்ற பூட் பார்ட்டிஷனிலேயே எழுதிவிடுவதாகப் பல ஆண்டுகள் பெயர் வாங்கியது. விளைவு, டிரைவைக் கழற்றினால் வீட்டுக் கணினி குழம்பி நிற்கும். டிரைவோ வேறு கணினியில் எழும்பாது. நிறுவுவதற்குமுன் உள் வன்தட்டைக் கழற்றிவிடுவதோ பயாஸில் முடக்கிவைப்பதோ சில நிமிட வேலை; இதை விடவே கூடாது. பூட் கோப்பு, எல்லாக் கணினிகளும் தேடுகிற பொதுப் பாதையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸை எழுப்பும் கிரப் நிரலின் நிறுவலில் நீக்கத்தக்க சாதனத்துக்கான தெரிவு இதற்காகவே இருக்கிறது.

எந்தக் கணினியிலும் எழும்ப வேண்டும் என்றால் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஃபெடோரா, நிறுவிய கணினிக்குத் தேவையான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை) மட்டும் வைத்து, எழும்பும்போது முதலில் ஏறும் தொடக்கப் பிம்பத்தை உருவாக்கும். வேறு கணினியில் அது தடுமாறினால், பட்டியலில் உள்ள மீட்புத் தெரிவால் எழுப்பிச் சரிசெய்ய வேண்டும். டெபியனும் உபுண்டுவும் பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்தே வைப்பதால் இங்கே அவை மேல். என்விடியா வரைகலைச் சில்லின் தனியுரிமை டிரைவரை, கணினிக்குக் கணினி அலையும் நாடோடி டிரைவில் நிறுவாமலிருப்பதும் நல்லது. யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் நிறுவியது, கோயில் மண்டபத்தின் பதினைந்து வயதுக் கணினியில் எழும்பாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## ராமில் ஓடும் லினக்ஸ்

2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுவதும் ராமில் ஏறிவிடும். டிரைவ் மெதுவாக இருந்தாலும் ஏறிய பிறகு வேகம் குறையாது. 2020-இல் வந்த ஃபோசாபப் 64, 9.5 பதிப்பின் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 400 எம்பிதான். உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓவோ ஏறத்தாழ 6 ஜிபி. மொபைல் டேட்டாவை வாங்கி வாங்கிப் பயன்படுத்தும் வீட்டில் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டுவை முன்பெல்லாம் இலவசக் குறுந்தட்டாகவே தபாலில் பெற முடிந்தது. 2011-இல் அது நின்றுபோனது. அவருடைய அறக்கட்டளை தொடங்கிய ‘ஃப்ரீடம் டோஸ்டர்’ பெட்டியில் வெற்றுக் குறுந்தட்டைக் கொடுத்து லினக்ஸை எழுதிக்கொண்ட காலமும் இந்நாட்டில் இருந்தது. இணைய இணைப்பு மெதுவாகவும் விலை கூடியும் இருந்ததால் பிறந்த ஏற்பாடு அது.

பப்பியின் குறை, பயனரை எல்லா அதிகாரமும் கொண்ட ரூட்டாகவே இயக்குவதும், தமிழ் எழுத்துருவையும் உள்ளீட்டு முறையையும் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கக் கூடியதும். ஆகவே ஆசிரியைக்கு நான் எம்எக்ஸ் லினக்ஸையே சொல்வேன். டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதன் லைவ் கருவிகள், இரண்டாவது வழியின் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கின்றன. மாற்றங்கள் ராமில் இருந்து, அணைக்கும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மின்சாரம் போனால் கடைசியாகச் சேமித்த நிலை அப்படியே இருக்கும். மேலடுக்கு பெருத்துவிட்டால், அதை அடிப் பிம்பத்தோடு கலந்து புதிய பிம்பமாக்கும் ரீமாஸ்டர் கருவி இருக்கிறது. பழையது காப்பாக நிற்கும். லைவ் கெர்னலை மாற்றுவதற்கும் தனிக் கருவி உண்டு. கற்க ஒரு மாலை ஆகும், ராமும் 4 ஜிபியாவது வேண்டும். ரீமாஸ்டரை மறந்துவிடுபவருக்கு மட்டும் இதுவும் காலப்போக்கில் இரண்டாவது வழியாகவே ஆகிவிடும்.

| அளவுகோல் | வெறும் லைவ் | பெர்சிஸ்டன்ஸ் | முழு நிறுவல் | ராமில் ஓடுவது |
|---|---|---|---|---|
| அணைத்த பின் எஞ்சுவது | தனிப் பார்ட்டிஷன் கோப்புகள் மட்டும் | எல்லாம், இடம் உள்ள வரை | எல்லாம் | நீங்கள் சேமித்தவை |
| மின்வெட்டு | அமைப்புக்குப் பாதிப்பில்லை | அதிக ஆபத்து | மிதமான ஆபத்து | சேமிக்கும் கணத்தில் மட்டும் |
| பல கணினிகளில் எழும்புதல் | மிக நன்று | நன்று | கவனமாக நிறுவினால் | நன்று |
| கெர்னல் புதுப்பிப்பு | புதிய ஐஎஸ்ஓ வேண்டும் | பயனில்லை | இயல்பாக | எம்எக்ஸில் கருவி உண்டு |
| தொலைந்தால் | இழப்பில்லை | திறந்து கிடக்கும் | குறியாக்கினால் பாதுகாப்பு | குறியாக்கத்தைப் பொறுத்தது |
| தேவையான டிரைவ் | 8 முதல் 16 ஜிபி | 16 முதல் 32 ஜிபி | வெளிப்புற எஸ்எஸ்டி | 8 ஜிபியே போதும் |

## எல்லா வழிகளுக்கும் பொதுவான செலவுகள்

முதலில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வன்தட்டுக் குறியாக்க வசதி. டிரைவ் எழும்பவில்லை என்று செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். புதிய மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருப்பதால் பலர் திகைத்துப்போகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிவைத்த பிறகே பயாஸில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் சரியாக இரண்டு மணி பின்தங்கி நிற்கலாம். விண்டோஸ் கணினியின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. நம் நேரம் அதைவிட இரண்டு மணி முன்னே என்பதால் இந்த வேறுபாடு. எதுவும் பழுதாகவில்லை, மாற்றங்களைச் சேமிக்கும் லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லிவிட்டால் தீரும்.

பூட் பட்டியலைத் திறக்கும் விசை டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 பட்டியல் பயாஸில் முடக்கப்பட்டே வருவதுண்டு. எஃப்2 அழுத்தி உள்ளே போய் அதை இயக்க வேண்டும். எம் வரிசைச் சில்லுள்ள மேக்குகளில் இந்த டிரைவுகள் எதுவும் எழும்பாது.

## என் தேர்வு

உறவினர் வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பவருக்கும், லினக்ஸை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பவருக்கும் வென்டாயும் இரண்டு மூன்று ஐஎஸ்ஓ கோப்புகளும் போதும். வளாகத்துக்கும் விடுதிக்கும் வீட்டுக்கும் அலையும் மாணவர், முக்கியமாக நிரல் எழுதுபவர், எஸ்எஸ்டி வாங்கிக் குறியாக்கத்தோடு முழுமையாக நிறுவிவிடுவதே சரி. பணத்தைச் சேர்த்துவைத்து ஒரு மாதம் பொறுத்தாலும் தப்பில்லை. தமிழ் வகுப்பு ஆசிரியைக்கு எம்எக்ஸ்: ஐபஸையும் எழுத்துருக்களையும் ஒருமுறை சேர்த்து ரீமாஸ்டர் செய்துவிட்டால், மண்டபத்தில் எந்தக் கணினியில் செருகினாலும் அதே விசைப்பலகை. மாணவர் பட்டியலை மட்டும் அதில் திறந்தபடி வைக்காமல், குறியாக்கிய தனிப் பார்ட்டிஷனில் வைக்க வேண்டும்.

பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு தவிப்பவரிடம் வேறொன்றைக் கேட்பேன். அந்தக் கணினி வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்றால் நாடோடி டிரைவு எதற்கு? உள் வன்தட்டில் இடம் பிரித்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவுவது வேகமும் கூடியது, டிரைவ் தேயும் கவலையும் இல்லாதது. விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக லினக்ஸை ஓட்டுவது அவருக்கு உதவாது, ஏனெனில் ஆதரவு முடிந்த விண்டோஸ் அப்போதும் அடியில் இயங்கிக்கொண்டிருக்கும்.

அலுவலகம், நூலகம், பள்ளி ஆகியவற்றின் கணினிகளில் யூஎஸ்பி பூட் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். பூட்டாமல் விட்டிருந்தாலும், பொறுப்பாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே டிரைவைச் செருக வேண்டும்.